மூன்றும் இரண்டும் பற்றிய சர்க்கார் உத்தரவு

அறுபதுகளில் ஒரு ஜூன் மாதம், மழை பிடித்த முதல் வாரத்தில், மூன்றோடு இரண்டைக் கூட்டினாலும் இரண்டோடு மூன்றைக் கூட்டினாலும் விடை ஒன்றுதான் என்று கல்வி இலாகா உத்தரவு பிறப்பித்தது. அதற்கு முன்பும் கொச்சி மட்டாஞ்சேரியில் அப்படித்தான் நடந்து வந்தது. ஆனால் உரிய அனுமதி இல்லாமல் நடந்து வந்தது.

உத்தரவு எர்ணாகுளத்திலிருந்து படகேறி, காயலைக் கடந்து, அரிசிக் கிடங்குகளுக்கும் சுக்கு மண்டிகளுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த தமிழ் ஆரம்பப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தபோது பாதி நனைந்திருந்தது. ஹெட்மாஸ்டர் ராமபத்ரன் மாஷ் அதை மேஜைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் மணியையும் இன்னொரு மூலையில் சாக்பீஸ் டப்பாவையும் வைத்து, பயபக்தியோடு படித்தார். சர்க்கார் கடிதம் எதுவானாலும் அவருக்கு முதலில் வயிற்றைக் கலக்கும், அப்புறம்தான் அர்த்தம் புரியும். சில கடிதங்கள் வயிற்றோடு நின்றுவிடுவதும் உண்டு.

"கமலாக்ஷி டீச்சரே, ஒண்ணு இங்கே வாங்கோ."

கமலாக்ஷி டீச்சர் இரண்டாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். முப்பது வயதைத் தாண்டியவள். அந்தப் பாடசாலையில் ஒன்பது வருஷமாக இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டருக்கு வரும் கடிதங்களுக்கு அர்த்தம் சொல்வதும் அவள் வேலைதான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

"சர்க்கார் இப்போ உப்புமாவிலேயும் கை வெச்சாச்சு, கேட்டேளா" என்றார் மாஷ்.

"என்ன ஆச்சு மாஷே?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதுச் சட்டம். 'கூட்டலின் பரிமாற்று விதியை மாணாக்கர் ஐயந்திரிபற உணர்ந்திருத்தல் வேண்டும்.' கூட்டான் பரிமாறற விதியாக்கும். உப்புமாவே இங்கே எண்ணிப் போடறாப்பலே வரது. கூட்டானுக்கு நான் எங்கே போவேன்?"

பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் குழம்பைக் கூட்டான் என்பார்கள். மாஷ் பேரில் தப்பில்லை. தப்பு இருந்ததெல்லாம், உப்புமா கிண்டும் ஆவுடையம்மாளை அதற்குள் கூப்பிட்டு, இனிமேல் இடது பக்கத்து வரிசைக்குத்தான் முதலில் போட வேண்டும், மாற்றிப் போட்டால் ஜெயில் என்று பயமுறுத்தி வைத்திருந்ததுதான்.

கமலாக்ஷி காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"மாஷே, இது சாப்பாடு இல்லை. கணக்கு. கூட்டற ரெண்டு எண்ணும் இடத்தைப் பரிமாறிண்டாலும் மொத்தம் மாறாதுங்கறதாக்கும்."

"அது எனக்குத் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ எதுக்கு உத்தரவு?"

"இனிமேல் தெரிஞ்சுக்கணுமாம்."

மாஷ் யோசித்தார். சர்க்கார் சொல்லாமல் இத்தனை வருஷம் தெரிந்துவைத்திருந்ததற்கு விளக்கம் கேட்பார்களோ என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

அந்த வருஷம் புதுக் கணிதம் என்ற ஒன்று பட்டணத்தில் இறங்கியிருந்தது. எர்ணாகுளத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. போய் வந்தவர்கள் எதையும் நேராகச் சொல்வதை விட்டுவிட்டார்கள். கூடையில் ஐந்து மாம்பழம் இருந்தால் 'ஐந்து உறுப்புகள் கொண்ட மாம்பழக் கணம்' என்றார்கள். விருந்துக்குப் போன இடத்தில் தன் குடும்பத்தைக் கணம் என்று அறிமுகப்படுத்திய ஒருவரிடம், "யாரைப் பூதகணம் என்கிறீர்?" என்று மாமியார் சண்டைக்கு வந்துவிட்டதாகக் கேள்வி.

உத்தரவின் கடைசி வரிதான் கமலாக்ஷியைத் தூங்கவிடாமல் செய்தது. அடுத்த மாதம் உதவிக் கல்வி அதிகாரி நேரில் வந்து குழந்தைகளைச் சோதிப்பார், அப்படியே தமிழ் இரண்டாம் வகுப்பு தொடர வேண்டுமா என்பதையும் தீர்மானிப்பார் என்று இருந்தது. தொடர வேண்டுமானால் இருபத்தைந்து குழந்தைகள் வேண்டும். சரியாக இருபத்தைந்து பேர்தான் இருந்தார்கள். ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் கமலாக்ஷிக்குக் காய்ச்சல் வருகிற நிலைமை. வகுப்பு போனால் குழந்தைகள் தெருக்கோடியிலுள்ள மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். டீச்சர் வீட்டுக்குப் போவாள்.

இருபத்தைந்து பேரில் பதினொரு பேர், தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பதினாலு பேர், கிடங்குகளில் மூட்டை தூக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். முதல் வகையினர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், இரண்டாம் வகையினர் பின்னால். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. அதனால் அதை யாரும் மீறவுமில்லை.

பாடம் எடுக்கக் கமலாக்ஷிக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் தலைவன் இசக்கிமுத்துவின் மகள் மாடத்தியை முன்னால் கூப்பிட்டு, ஒரு கையில் மூன்று புளியங்கொட்டையும் மறு கையில் இரண்டும் கொடுத்தாள்.

"மொத்தம் எத்தனை?"

"அஞ்சு டீச்சர்."

"இப்போ கையைக் குறுக்கே மாத்தி வெச்சுக்கோ. ரெண்டு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம். எத்தனை?"

மாடத்தி டீச்சரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "அஞ்சுதான். என் கையிலதான இருக்கு, எங்க போவும்?"

"அதாக்கும் விதி. எல்லாரும் சொல்லுங்கோ, பரிமாற்று விதி."

சொன்னார்கள். மாடத்தி மட்டும் உட்காராமல் நின்றாள். "டீச்சர், இந்த விதிய யாராச்சும் மீறினா என்ன செய்வாங்க?"

"யாராலும் மீற முடியாது."

"அப்பம் எதுக்கு விதி?"

ஒன்பது வருஷ அனுபவத்தோடு கமலாக்ஷி, "கொட்டையைக் கீழே போடாதே" என்று சொல்லி உட்காரவைத்தாள்.

உதவிக் கல்வி அதிகாரி கொச்சுண்ணி மேனோன் ஒரு மழை நாளில் வந்தார். நல்ல மனுஷர். யாரையும் கடிந்து பேசமாட்டார், வெள்ளை ஜிப்பாவில் ஒரு சுருக்கம் இருக்காது. சுக்கு மண்டி வாடை மட்டும் அவர் மூக்குக்கு ஒத்துவராது. வாசலிலேயே தும்ம ஆரம்பித்தார்.

அவரிடம் இருந்தது மலையாள உத்தரவு. மலையாளத்தில் இந்த விதிக்கு 'கிரம நியமம்' என்று பேர். கிரமம் என்றால் வரிசை, நியமம் என்றால் சட்டம். ஆகவே, எதையும் வரிசைப்படிதான் செய்ய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது என்று மேனோன் எடுத்துக்கொண்டார். முழு உத்தரவையும் படித்திருக்கலாம். ஆனால் தலைப்பைப் பார்த்தாலே மீதியைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு அவருக்குச் சர்வீஸ் ஆகியிருந்தது.

"மூணும் ரெண்டும் எத்ர?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"அஞ்சு!"

"ரெண்டும் மூணும்?"

"அஞ்சு!"

மேனோன் முகம் வாடியது. "ரெண்டுக்கும் ஒரே பதிலோ?"

"ஆமா சார்!" என்றது வகுப்பு, பெருமையாக.

"அப்போ கிரமம் எவிடே?" அவர் கமலாக்ஷி பக்கம் திரும்பினார். "டீச்சரே, வரிசைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? ஆத்யம் வந்தது மூணு. பின்னே வந்தது ரெண்டு. பின்னே வந்தவன் முன்னே கேறி நின்னா கணக்கு எங்ஙனே நிக்கும்?"

"நிக்கும் சார். அதைத்தான் சர்க்கார் சொல்லிக் குடுக்கச் சொல்லியிருக்கு."

மேனோன் மாடத்தியைப் பார்த்தார். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அஞ்சு என்றவள்.

"மோளே, ஆத்யம் ஷர்ட் போடணும். அதுக்கு மேலே கோட்டு. மாத்திப் போட்டா சரியாவுமோ?"

"எங்கப்பாவுக்கு ரெண்டும் கிடையாது சார்."

மேனோன் ஒரு தும்மல் தும்மிவிட்டு வேறு வழியில் வந்தார். "சரி, சாயா. ஆத்யம் வெள்ளம், பின்னே பாலு. மாத்தி ஒழிச்சா?"

"எங்க தெரு சாயாக் கடையில எத முதல்ல ஊத்தினாலும் தண்ணியாத்தான் சார் இருக்கும்."

வகுப்பு சிரித்தது. மேனோனும் சிரித்துவிட்டார். அப்புறம் தாம் ஆய்வுக்கு வந்திருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் மாணவர் எண்ணிக்கைப் படிவத்தைப் பிரித்ததும் அவர் கை நின்றது.

"இதென்ன டீச்சரே? படிவத்திலே ஆத்யம் கேட்கிறது ஸ்திரவாசிகள். பின்னே வந்து குடியேறினவர். பதினொண்ணு கூட்டல் பதினாலு என்னல்லோ வேண்டியது? நீங்க பதினாலு கூட்டல் பதினொண்ணு எழுதியிருக்கு."

"பெரிய எண்ணை முதல்ல வெச்சாக் கூட்டறது சுலபம் சார். எப்படி எழுதினாலும் இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சுதான், நான் இல்லை என்னு சொல்லலை. ஆனா இது வேறே இருபத்தஞ்சு."

"வேறே இருபத்தஞ்சா?"

"சர்க்கார் கேட்டது அந்த இருபத்தஞ்சு. உங்க கையிலே இருக்கிறது இந்த இருபத்தஞ்சு."

ராமபத்ரன் மாஷ் எழுந்து நின்றார். "சார், இப்பவே அடிச்சுத் திருத்தித் தரேன்."

"முத்திரை வெச்ச பின்னே திருத்தினா அது மோசடி, மாஷே."

மாஷ் உட்கார்ந்தார்.

கமலாக்ஷி மேனோனின் மலையாள உத்தரவை எடுத்து அவர் முன்னால் திருப்பி வைத்தாள். "சார், தலைப்புக்குக் கீழே ரெண்டு வரி இருக்கு. ஒரு தடவை வாசிச்சுப் பாருங்கோ."

மேனோன் வாசித்தார், தும்மினார், மறுபடி வாசித்தார். வரிசை மாறினாலும் தொகை மாறாது என்று அச்சில் இருந்தது. மேனோன் காதுகள் மெல்லச் சிவந்தன. ஆனால் ஓர் அதிகாரி தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஆகிவிட்டால் நாளைக்கு யார் படிவம் நிரப்புவார்கள்?

"சரி" என்றார். "இது குட்டிகளுக்கான விதி. ஆபீஸுக்குப் பாதகமல்ல."

பாதகமல்ல என்றால் மலையாளத்தில் கட்டுப்படுத்தாது என்று அர்த்தம். மாஷ் அதைத் தமிழ்ப் பாதகம் என்று எடுத்துக்கொண்டு, ஆபீஸுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தார்.

"ஆபீஸையும் கட்டுப்படுத்துமா என்னு மேலே எழுதிக் கேட்கிறேன்" என்றார் மேனோன். "பதில் வரும் வரைக்கும் வகுப்பை நடத்திக்கோங்கோ. ஆனா நடக்குது என்னு யாரும் எழுத்திலே சொல்லக் கூடாது."

ஓணம் போய், துலா மாத இடிமழையும் பாதி போனபிறகு பதில் வந்தது. கூட்டலின் பரிமாற்று விதி அலுவலகங்களுக்கும் பொருந்தும் என்று மேலிடம் தாராள மனசோடு ஒப்புக்கொண்டிருந்தது. வரும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து. அதற்கு முன் கூட்டப்பட்ட எண்கள், கூட்டப்பட்ட வரிசையிலேயே நீடிக்கும். இடைக்காலத்தில் வகுப்பைத் தொடர விரும்பினால், இரு பிரிவுப் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு ஒன்று வர வேண்டும்.

"ஏப்ரல் முதல் தேதி ஸ்கூலே பூட்டியிருக்குமே டீச்சரே, வெக்கேஷனாச்சே" என்றார் மாஷ்.

"அதனாலதான் அன்னிக்குச் சட்டம் வரது மாஷே. யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெற்றோர்கள் வகுப்பறையில் கூடினார்கள். பழைய குடும்பங்களின் சார்பில் வெங்கிடராமன் வந்தார். மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. சலவை வேட்டி, விபூதி, கையில் குடை. மூட்டை தூக்குகிறவர்கள் சார்பில் இசக்கிமுத்து வந்தான். அவன் தோள்கள் உள்ளே வர வாசல் கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே இப்படி நெருங்கி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குழந்தைகள் பெஞ்சில் பெரியவர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

கமலாக்ஷி நடந்ததைச் சொன்னாள். 'வேறே இருபத்தஞ்சு' என்ற இடத்துக்கு வந்தபோது ஓடு அதிரச் சிரித்தார்கள். வெங்கிடராமன் மேனோனைப் போலவே தும்மிக் காட்டினார். இசக்கிமுத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"மூணும் ரெண்டும் கூட்டத் தெரியாதவா நமக்கு ஆபீசர்!" என்றார் வெங்கிடராமன்.

"அரிசி மூட்டைய முன்னால வச்சா என்ன, பின்னால வச்சா என்ன, மொத்தம் எம் முதுகுலதான சாமி? இது தெரியலியே அவுகளுக்கு!" என்றான் இசக்கிமுத்து.

"அப்படிச் சொல்லு!" என்றார் வெங்கிடராமன்.

கமலாக்ஷிக்கு மனசு நிறைந்துவிட்டது. மனுவை மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்து நீட்டினாள்.

இரண்டு கைகள் நீண்டன. இரண்டும் நின்றன.

"முதல் கையெழுத்து நான் போட்டுடறேன்" என்றார் வெங்கிடராமன். "அதாக்கும் முறை. எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலேர்ந்து இந்த ஊர்ல இருக்கோம்."

"இருங்க சாமி. பிள்ளைங்க எங்க பக்கந்தான கூட? நாங்க இல்லேன்னா வகுப்பே இல்லியே."

"நாங்க இல்லேன்னாலும்தான் இல்லை."

"அப்பம் ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணேதான்."

"ஒண்ணுதாங்கதுனால நான் முன்னால போடுதேன்."

"ஒண்ணுதாங்கறதுனாலதான் நான் முன்னாடி போடறேன்னு சொல்றேன்."

கமலாக்ஷி குறுக்கே வந்தாள். "யார் முன்னாடி போட்டாலும் மொத்தம் மாறப்போறதில்லை. இப்போதானே எல்லாரும் சிரிச்சோம்?"

இருவரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"டீச்சரே, இது கணக்கு இல்லை. மரியாதை" என்றார் வெங்கிடராமன்.

"சாமி சொல்லுதது சரிதான் டீச்சர்" என்றான் இசக்கிமுத்து.

பேனாவை நீட்டிய பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். வெளியே இடி இடித்தது. பேனாவில் மசி காய்ந்தது. கடைசியில் கமலாக்ஷி உட்கார்ந்து அதே மனுவை இன்னொரு தாளில் எழுதினாள். ஒன்றில் பதினொன்றும் பதினாலும், மேலே வெங்கிடராமன் கையெழுத்து. மற்றதில் பதினாலும் பதினொன்றும், மேலே இசக்கிமுத்து கையெழுத்து. இருவரும் அவரவர் மனுவைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு, மழை விட்டதும் வேறு வேறு திசையில் போனார்கள். மனுக்கள் இரண்டும் ஒரே உறையில் எர்ணாகுளம் போயின.

தனு மாதக் குளிரில் ஆணை வந்தது. மாஷ் அதைப் பிரிக்காமலே கமலாக்ஷியிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்.

"'மேற்படி இரு மனுக்களிலும் கண்ட எண்கள் வெவ்வேறு வரிசையில் அமைந்திருப்பதாலும், வரிசை மாறினும் தொகை மாறாது எனும் விதி ஏப்ரல் முதல் தேதிக்கு முன் இவ்வலுவலகத்தைக் கட்டுப்படுத்தாதாகையாலும், மேற்படி இருபத்தைந்து குழந்தைகளும் மேற்படி இருபத்தைந்து குழந்தைகளும் வெவ்வேறு குழந்தைகள் எனக் கொள்ளப்பட்டு, தமிழ் இரண்டாம் வகுப்புக்கு இரண்டு டிவிஷன்களும், கூடுதலாக ஓர் ஆசிரியரும், ஐம்பது பேருக்கு மத்தியான உப்புமாவும் இதனால் அனுமதிக்கப்படுகின்றன.'"

"ஐயோ!" என்றார் மாஷ். "இல்லாத இருபத்தஞ்சு குழந்தைகளை நான் எங்கேர்ந்து பிடிச்சுண்டு வருவேன்?"

கமலாக்ஷி நேர்மையானவள். அன்றைக்கே பதில் எழுதிப் போட்டாள். இரண்டு மனுவிலும் இருப்பது ஒரே குழந்தைகள்தான், பேர்களை ஒத்துப் பார்த்தால் தெரியும் என்று. மேனோன் ஆபீஸிலிருந்து உடனே பதில் வந்தது. அவர்கள் ஒரே குழந்தைகள் என்ற கோரிக்கை ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பரிசீலிக்கப்படும், அதுவரை அவர்கள் வேறு வேறாக இருந்து ஒத்துழைக்க வேண்டும்.

ஒத்துழைத்தார்கள். இடம் போதாத பள்ளிக்கூடங்களில் ஷிப்ட் முறை அப்போது சகஜம். காலையில் ஏ டிவிஷன். பழைய குடும்பத்துப் பிள்ளைகள் முன் பெஞ்சில், மற்றவர்கள் பின்னால். மத்தியானம் பி டிவிஷன். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் முன் பெஞ்சில், மற்றவர்கள் பின்னால். நடுவில் பிள்ளைகள் எழுந்து இடம் மாறுவதற்கு ஒரு மணி அடிக்கப்பட்டது. அந்த மணிக்குத்தான் அவர்கள் காலையிலிருந்து காத்திருப்பார்கள். ஏனென்றால் ஏ டிவிஷனுக்கு ஒரு உப்புமா, பி டிவிஷனுக்கு ஒரு உப்புமா. முதல் உப்புமாவைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நான் பி டிவிஷன்ல இன்னும் சாப்பிடல ஆவுடையக்கா" என்பாள் மாடத்தி. ஆவுடையம்மாள் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து ஒரு கரண்டி கூடவே போடுவாள். பொங்கல் வரும்போது பிள்ளைகள் கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஒருவருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை. கமலாக்ஷி பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். சர்க்காரை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஜனவரி கடைசியில் புது வாத்தியார் வந்தார். வாஞ்சிநாதன் என்று பேர். திருப்பூணித்துறைக்காரர், சின்ன வயசு. மடிப்புக் கலையாத பேன்ட். பயிற்சி முகாமிலிருந்து நேராக வந்திருந்தார்.

"நமஸ்காரம் டீச்சர். என்னுடைய கணம் எங்கே?"

"இப்போ என் வகுப்புல இருக்கா. மத்தியானம் உங்க வகுப்புக்கு வருவா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு கணத்துக்கும் பொது உறுப்புகள் உண்டோ?"

"எல்லா உறுப்புமே பொதுதான்."

நல்ல பையன். இரண்டு நாளில் புரிந்துகொண்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து இரண்டாம் உப்புமாவைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். கமலாக்ஷிக்கு அவரைப் பிடித்திருந்தது. கரும்பலகையில் அவர் எழுத்து கோணலாகப் போவதைப் பக்குவமாகத் திருத்தினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரில் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, மாஷ் அறை வாசலில் புது ஆணை ஒட்டியிருந்தது. தமிழ் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் என்று தலைப்பு. கீழே இரண்டே பேர்கள். முதலில் வாஞ்சிநாதன். அடுத்தது கமலாக்ஷி.

அவள் படித்தாள். குடையை மடக்காமலே நின்று இன்னொரு தடவை படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. சம்பளத்தில் மாற்றம் இல்லை. வேலையில் மாற்றம் இல்லை. காலையில் அவள், மத்தியானம் அவர் என்று எல்லாம் இருந்தபடியேதான் இருந்தது. பேர் மட்டும் இரண்டாவதாக இருந்தது.

"என்ன டீச்சரே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் மாஷ்.

"இதை யார் டைப் அடிச்சா?"

"ஆபீஸ்லேர்ந்து வந்ததாக்கும். ஏன், மொத்தம் ரெண்டு பேர்தானே? யார் பேர் மேலே இருந்தா என்ன?"

கமலாக்ஷி அவரைப் பார்த்த பார்வையில் மாஷ் சர்க்கார் கடிதத்தைக் கண்டதுபோல ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒன்பது வருஷமா இந்தச் சுக்கு வாடையில நான் நின்னுண்டிருக்கேன், மாஷே. அவர் வந்து ஒரு மாசம் ஆகலை."

"அவர் பேர் 'வா'ல ஆரம்பிக்கறது..."

"அதுக்கு? 'க' முன்னாடியா 'வ' முன்னாடியா?"

வாஞ்சிநாதன் பின்னால் வந்து நின்று, "டீச்சர், எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லை. நானே வேணும்னா..." என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு மோர் கிடைக்கவில்லை.

பத்து மணிப் படகில் கமலாக்ஷி எர்ணாகுளம் போனாள். ஒன்பது வருஷத்தில் அவள் எடுத்த முதல் லீவு அது. படகில் நின்றபடி, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நியாயம் அவள் பக்கம் அப்பட்டமாக இருந்தது. ஆனால் அந்த மேனோன் சிரித்துவிட்டால்? உங்கள் மாடத்தியிடமே கேட்போமா என்றால்? கன்னம் சுட்டது. வந்த வழியே திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. படகு திரும்பவில்லை.

மேனோன் அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காகிதத்தை வாங்கினார். தலைப்பைப் படித்தார். இந்தத் தடவை அதற்குக் கீழேயும் படித்தார். பேர்களுக்கு வந்ததும் அவர் முகம் கறுத்தது.

கமலாக்ஷி முந்திக்கொண்டாள். "சார், ரெண்டு பேர்தான், எப்படி எழுதினாலும் ரெண்டுதான்னு சொல்லுவேள். ஆனா..."

"யாரு சொன்னது?" மேனோன் மேஜையைத் தட்டினார். "டீச்சரே, இது எந்தொரு அக்கிரமம்! ஒன்பது வருஷக்காரி கீழே, நேத்து வந்தவன் மேலே! ஆத்யம் வந்தவர் ஆத்யம் நிக்கணும். இல்லாட்டா ஆபீஸ் எங்ஙனே நிக்கும்?"

அவர் மணியடித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ஆணையைத் தலைகீழாகத் திருத்தி டைப் அடிக்கச் சொன்னார். அது தயாராகும்வரை இருவரும் சாயா குடித்தார்கள். வரிசை தெரியாத இந்தக் காலத்தைப் பற்றி மேனோன் மனம்விட்டுப் பேசினார். இத்தனை வருஷச் சர்வீஸில் அவருடைய கட்சியை அவர் வாசலுக்கே தேடி வந்து பேசியவர் வேறு யாரும் இல்லை. கமலாக்ஷி தலையாட்டிக்கொண்டு கேட்டாள். பாதி தலையாட்டலில் தான் யாரோடு ஒத்துப்போகிறோம் என்று ஒரு சின்னச் சங்கடம் எட்டிப் பார்த்தது. அதற்குள் காகிதம் வந்துவிட்டது. கமலாக்ஷி, வாஞ்சிநாதன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஏ டிவிஷனுக்குள் வந்து, கரும்பலகையைத் துடைத்தாள்.

"கூட்டல் முடிஞ்சாச்சு" என்றாள். "இன்னிக்குக் கழித்தல். இதுல எது முன்னாடி, எது பின்னாடிங்கறது ரொம்ப ரொம்ப முக்கியம், கேட்டேளா?"

அவள் அத்தனை ஈடுபாட்டோடு எந்தப் பாடமும் எடுத்ததில்லை என்று, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராமபத்ரன் மாஷ் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.